வாயில் நான்கு, வழி ஒன்று: அமிர்தசரஸ் ஹர்மந்திர் சாகிபின் வரலாறும் கட்டடக்கலையும்

இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள், பஞ்சாபின் அமிர்தசரஸ் நகரில் உள்ள ஹர்மந்திர் சாகிப் என்னும் சீக்கியரின் தலையாய வழிபாட்டிடம். தமிழுக்கென அமைந்த பேரவையின் மேடையில் இப்பொருள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டில் தமிழரும் சீக்கியரும் அருகருகே வாழ்ந்திருக்கின்றனர். ஆயினும் அவர்களைக் குறிப்பதற்கும், அவர்கள் வழிபடும் இடத்தைக் குறிப்பதற்கும் நம் பேச்சில் வழங்கும் சொற்கள் ஏதோ ஒருவகையில் பிறழ்ந்தே நிற்கின்றன. சொல் பிறழ்ந்த இடத்தில் பார்வையும் பிறழ்கிறது. ஆதலின் கட்டடத்திற்குச் செல்லுமுன் சொற்களைச் சற்றே பார்ப்போம்.

தோட்டப்புறத்து முதியோரின் வாயில் சீக்கியருக்கு வழங்கும் பெயர் ‘வங்காளி’. மலாய் மொழியிலும் ‘பெங்காலி’ என்றே வழங்கியது. பஞ்சாபுக்கும் வங்காளத்துக்கும் இடையே ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. மொழி வேறு, எழுத்து வேறு, உணவும் வேறு. அவர்கள் கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறி வந்தார்கள் என்பதொன்றே காரணம். ஏறிய துறையின் பெயர் மக்களின் பெயராயிற்று. இதைக் கேட்டு நாம் நகைப்பதற்கில்லை. கலிங்கத்தின் பெயரிலிருந்து திரிந்த ஒரு சொல்லால் நம்மையே இந்நாட்டில் பிறர் அழைத்தனர். அச்சொல்லைக் கேட்டால் நம் முகம் சுருங்குகிறது. நமக்கு ஒவ்வாத அதே வகைப் பெயரை நாம் இன்னொருவருக்குத் தயங்காமல் சூட்டியிருக்கிறோம்.

‘பாயி’ என்பது இன்னொன்று. இதைச் சிறுமைப்படுத்தும் தொனியில் நம்மவர் சொல்வதுண்டு. பஞ்சாபியில் அது உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல். அதற்கும் மேலாக, சமயச் சான்றோரின் பெயருக்கு முன் வைக்கும் மதிப்பு அடை. குரு நானக்கோடு இறுதிவரை நடந்து ரபாப் இசைத்த இசுலாமியரான மர்தானாவை அவர்கள் பாயி மர்தானா என்றே போற்றுகின்றனர். ஒரு மொழியில் மாலையாகக் கிடந்த சொல் இன்னொரு மொழிக்கு வந்ததும் கல்லாக மாறுவது மொழியியலார் அடிக்கடி காண்பதுதான். ஆயினும் அக்கல்லை எறிந்தவர் நாம் என்பதை மறப்பது முறையாகாது.

தோட்டத்தில் நம் முன்னோர் கண்ட சீக்கியர் யார்? ஆலையின் முன்னும் வங்கியின் முன்னும் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து காவல் காத்த ‘ஜாகா’, மாட்டுவண்டி ஓட்டியவர், பசு வளர்த்துப் பால் விற்றவர், சம்பள நாளன்று வட்டிக் கணக்கோடு வந்தவர், காவல்துறைச் சீருடையில் நின்றவர். பிறர் வாயிலில் நின்ற சீக்கியரை நம்மவர் நன்கறிவர். சீக்கியரின் சொந்த வாயில் எப்படிப்பட்டது என்பதை அறிந்தவர் சிலரே.

வாயில் என்று நாம் சொல்வது உவமைக்காக அன்று. குருத்துவாரா என்னும் பெயரின் பொருளே அதுதான்: குருவின் வாயில். ‘குருத்வாரா’ என்று தமிழில் மயங்காத மெய்களை மயங்கவைத்து எழுதுவதினும் ‘குருத்துவாரா’ என உகரம் சேர்த்து எழுதுவதே நம் மொழிக்கு ஏற்றது. துவாரம் என்றால் தமிழில் ஓட்டை என்று பொருள்பட்டுவிட்டது. ஆனால் கோயில் வாயிலில் நிற்கும் துவாரபாலகர் என்ற பெயரில் பழைய பொருள் அழியாமல் நிற்கிறது. சீக்கியர் என்ற சொல்லும் நமக்கு அயலன்று. மாணவனைக் குறிக்கும் சிஷ்யன் என்ற வடசொல் பிராகிருத வழியில் ஒருபுறம் நம் ‘சீடன்’ ஆயிற்று. மறுபுறம் பஞ்சாபில் ‘சிக்’ ஆயிற்று. அவர்களுடைய மறைநூலைக் குறிக்கும் கிரந்தம் என்ற சொல்லோ நம்மிடம் வந்து ஓர் எழுத்துமுறையின் பெயராகவே தங்கிவிட்டது.

குருத்துவாரா என்ற பெயர் பெருவழக்காவதற்கு முன்பு, குரு நானக்கின் காலத்தில் (1469–1539), அடியார் கூடிப் பாடும் இடத்திற்குத் ‘தர்மசால்’ என்று பெயர். இச்சொல்லைத் தமிழரிடம் சொன்னவுடன் வடலூர் நினைவுக்கு வரவேண்டும். வள்ளலார் 1867இல் அங்கு நிறுவிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. அங்கும் முதலில் எழுந்தது சோறிடும் சாலை. வழிபடும் ஞானசபை பின்னரே, 1872இல், எழுந்தது. பஞ்சாபிலும் வடலூரிலும் ஒரே சொல், ஒரே செயல். ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்யப்பட்டதாகச் சான்றில்லை. சாதி பாராமல் ஒருவரை உள்ளே அழைப்பது என்று முடிவுசெய்த எவருக்கும் முதலில் தேவைப்படுவது சமையற்கட்டுதான் போலும்.

இனி அமிர்தசரஸுக்கு வருவோம். அமிர்தம் நிறைந்த சரஸ், அமுதப் பொய்கை என்பது பெயரின் பொருள். ஊருக்கு முன்பே குளம் வந்தது. நான்காம் குருவான ராம்தாஸ் 1577இல் அக்குளத்தைத் தோண்டுவித்தார். அவர் மகனும் ஐந்தாம் குருவுமான அர்ஜன், குளத்தின் நடுவே கட்டடம் எழுப்பினார். அதற்குக் கால்கோளிட்டவர் லாகூரின் சூஃபிப் பெரியார் மியான் மீர் என்பது மரபுவழிச் செய்தி. ஆண்டு 1588 என்பர். 1604இல் குரு அர்ஜன் தாம் தொகுத்த ஆதி கிரந்தத்தை அங்கு வைத்தார். பாபா புத்தா என்னும் முதியவர் அதை ஓதும் முதல் கிரந்தி ஆனார். ஈராண்டில், 1606இல், முகலாய ஆட்சியால் குரு அர்ஜன் லாகூரில் உயிரிழந்தார்.

குளத்தின் நடுவே கட்டடம் என்றதும் மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்து நீராழி மண்டபத்தை நீங்கள் எண்ணுவீர்கள். தோற்றத்தில் ஒப்புமை உண்டு. ஆனால் நீராழி மண்டபம் ஆண்டுக்கொருமுறை இறைவன் எழுந்தருளும் விருந்தினர் இல்லம். அமிர்தசரஸில் நீரின் நடுவே நிற்பதுதான் மூலவீடு. ஏறத்தாழ 150 மீட்டர்ச் சதுரமான குளம்; அதன் நடுவே 20 மீட்டர்ச் சதுர மேடை; அம்மேடைமேல் 12 மீட்டர்ச் சதுரக் கட்டடம். குளத்தின் பரப்போடு ஒப்பிட்டால் கட்டடம் மிகச் சிறியது. படத்தில் மட்டும் பார்த்தவர்கள் நேரில் சென்றால் முதலில் வியப்பது இச்சிறுமையைத்தான். மேற்குக் கரையில் உள்ள தரிசனி தியோடி என்னும் வளைவு வாயிலிலிருந்து நீரின்மேல் 60 மீட்டர் நீளத்தில் ஒரு நடைபாலம் கட்டடத்தைச் சேர்கிறது. செல்லவும் திரும்பவும் அது ஒன்றே வழி.

இங்குதான் நாம் வலியுறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது. ஹர்மந்திருக்கு நான்கு திசையிலும் நான்கு வாயில்கள். நான்கு வருணத்தாரும் நான்கு திசையாரும் வரலாம் என்பதன் அடையாளம் அது என்று எல்லா வழிகாட்டி நூல்களும் எழுதுகின்றன. இதைக் கேட்கும் தமிழர் ஒருவர் உடனே கேட்பார்: எங்கள் மதுரையிலும் நான்கு கோபுர வாயில்கள் இல்லையா, திருவண்ணாமலையில் இல்லையா, சிதம்பரத்தில் இல்லையா? நியாயமான கேள்வி. நான்கு வாயில் என்பதனால் மட்டும் ஒரு கட்டடம் எல்லாருக்கும் திறந்ததாகிவிடாது. நான்கு கோபுரமும் வானளாவ நின்ற மதுரையில், 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் முன்னின்று அழைத்துச் செல்லும்வரை, ஒரு பகுதி மக்கள் உள்ளே கால்வைக்க முடியவில்லை.

வேறுபாடு வாயிலின் எண்ணிக்கையில் இல்லை; வாயில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. நம் பெருங்கோயில்களில் வெளிமதிலுக்கு நான்கு வாயில். உள்ளே செல்லச்செல்ல, திருச்சுற்று கடந்து, மகாமண்டபம் கடந்து, அர்த்தமண்டபம் கடந்து, இடம் குறுகி, ஒளி மங்கி, இறுதியில் கருவறைக்கு ஒரே வாயில். அதில் நுழையும் உரிமையும் சிலருக்கே. வழி நான்கு, வாயில் ஒன்று. ஹர்மந்திரில் இது தலைகீழாகிறது: வழி ஒன்று, வாயில் நான்கு. அரசனும் ஆண்டியும் ஒரே பாலத்தின்மேல் தோளுரச வரிசையில் வரவேண்டும். வந்து சேர்ந்தபின் மையத்தைச் சூழ்ந்து திறப்புகள். நான்கு பக்கமும் காற்றும் ஒளியும் புகும் கருவறையை நம் சிற்பநூல் மரபு விரும்பாது. கர்ப்பம் போன்று இருண்டிருப்பதே அதன் இலக்கணம். அந்த இருளுக்கென்று ஓர் அழகும் பொருளும் உண்டு. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு கட்டடம் காண்பது எதை, மறைப்பது எதை என்பதில் இரு மரபுகளும் வெவ்வேறு முடிவு எடுத்தன என்பதே நம் கூற்று.

உயரத்திலும் அப்படித்தான். சோழன் கோச்செங்கணான் கட்டியவையாகப் போற்றப்படும் மாடக்கோயில்களில் இறைவனைக் காண நாம் படியேறுகிறோம். அமிர்தசரஸில் தெருமட்டத்திலிருந்து படியிறங்குகிறோம். எத்திசையிலிருந்து வந்தாலும் இறங்கித்தான் குளக்கரையை அடையமுடியும். கரையில் நிற்கும் இலந்தை மரங்களை அவர்கள் போற்றிக் காக்கின்றனர். தலமரம் என்ற கருத்து அவர்களிடம் இல்லையெனினும் நம் கண்ணுக்கு அது தலமரமாகவே தோன்றும். குளத்தைத் தூர்வாரும் பணிக்குக் கர்சேவை என்று பெயர். 1923, 1973, 2004 ஆகிய ஆண்டுகளில் அங்கு நடந்த பெரும்பணிகளில் செல்வரும் எளியவரும் தலையில் சேற்றுக்கூடை சுமந்தனர். நம்மிடம் இதற்கு அதைவிட அழகான பெயர் இருக்கிறது: உழவாரப்பணி. கையில் உழவாரம் ஏந்தித் தலந்தோறும் புல் செதுக்கிய அப்பரின் மக்கள் நாம்.

கட்டடத்தின் நடுவே பட்டு விரிப்பின்மேல், விதானத்தின்கீழ் இருப்பது ஒரு நூல். உருவம் எதுவும் இல்லை. 1708இல் பத்தாம் குரு கோவிந்த சிங் தமக்குப்பின் ஆள்வடிவில் குரு இல்லை, நூலே குரு என்று வகுத்தார். 1430 பக்கங்கொண்ட அந்நூலின் அமைப்பு தமிழருக்கு ஓர் இன்ப அதிர்ச்சி தரும். அதன் பெரும்பகுதி, பாடியவர் வாரியாகவோ பொருள் வாரியாகவோ அன்றி, இராகவாரியாக, 31 இராகங்களில் அடுக்கப்பட்டுள்ளது. தேவாரத்தின் பண்முறை அடைவை அறிந்தவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். இரண்டும் படிப்பதற்காக அன்று, பாடுவதற்காகத் தொகுக்கப்பட்டவை. குருமார்களின் பாடல்களோடு நெசவாளர் கபீர், தோல்தொழிலாளர் இரவிதாசர், மராட்டியத்து நாமதேவர், இசுலாமியப் பெரியார் சேக் ஃபரீது ஆகியோரின் பாடல்களும் அதில் உள்ளன. இரவிதாசரை வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருக்கக்கூடிய ஒரு நாட்டில், அவர் பாடலை மையத்தில் வைத்து அதன்முன் எல்லாரும் தலைவணங்கச் செய்தது எளிய செயலன்று. நந்தனாரையும் திருப்பாணாழ்வாரையும் அடியாராக ஏற்ற நாம், அவர்தம் குலத்தாரை எங்கே நிறுத்தினோம் என்பதும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இரண்டாம் குரு அங்கதர் செம்மைப்படுத்திய குர்முகி எழுத்தில்தான் இந்நூல் உள்ளது. அடிப்படை எழுத்து 35. ஆகவே ‘பைந்தீ’, முப்பத்தைந்து, என்பதே நெடுங்கணக்கின் பெயர். நாகரியில் எழுதாமல், பாரசீக எழுத்திலும் எழுதாமல், எளிய மக்கள் கற்கக்கூடிய தனியெழுத்தைத் தேர்ந்தமையால், எழுத்தறிந்த எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், மறைநூலைத் திறந்து ஓதலாம் என்ற நிலை பிறந்தது. கிரந்தி என்பவர் ஓதுபவர். பிறப்பால் வந்த பூசகர் அல்லர்.

வரலாற்றில் இக்கட்டடம் பட்ட பாட்டை விரிக்கப் பொழுதில்லை. எதிரே மேற்கில், ஆறாம் குரு அர்கோவிந்தர் உலகியல் அதிகாரத்தின் இருக்கையாக அகால் தக்தை எழுப்பினார். 1762இல் அகமது சா அப்தாலி ஹர்மந்திரை வெடிமருந்து வைத்துத் தகர்த்துக் குளத்தைத் தூர்த்தான். 1764இல் சசா சிங் அலுவாலியா முன்னிலையில் மீண்டும் அடிக்கல் இடப்பட்டது. இன்று நாம் காணும் கட்டடம் அப்போது எழுந்ததே. அதன் மேற்பகுதிக்குச் செப்புத் தகட்டின்மேல் பொன் பூசச் செய்தவர் மகாராசா ரஞ்சித் சிங், 1830 அளவில். அப்படியானால் ஆதி கிரந்தம் அங்கு வந்து இருநூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின்னரே அது பொன்னிறம் பெற்றது. ‘பொற்கோயில்’ என்று நாம் எழுதுவது ஆங்கிலேயர் வைத்த பெயரின் மொழிபெயர்ப்பு. சீக்கியர் தர்பார் சாகிப் என்பர், ஹர்மந்திர் சாகிப் என்பர். பொன்னம்பலம் என்று கூரையின் பெயரால் தில்லையைச் சுட்டிப் பழகிய நமக்குப் பொற்கோயில் என்ற பெயர் இனிப்பது இயல்பே; அதை விலக்கவேண்டும் என்பதில்லை. பொன் பின்னால் வந்தது என்பதை மட்டும் ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொன்னால் போதும்.

1984 சூனில் இந்திய இராணுவம் உள்ளே நுழைந்தபோது அகால் தக்து சிதைந்தது. உயிர்கள் பல போயின. அதன் அரசியலுக்குள் நாம் செல்லவில்லை. அவ்வளாகத்தில் இருந்த சீக்கிய ஆய்வு நூலகத்தின் கையெழுத்துச் சுவடிகளும் அந்நாள்களில் மறைந்தன. எரிந்தன என்று ஒரு சாராரும், எடுத்துச் செல்லப்பட்டன என்று மறு சாராரும் இன்றுவரை வழக்காடுகின்றனர். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை இழந்த ஓர் இனத்தார்க்கு அவ்விழப்பின் அளவை விளக்கவேண்டியதில்லை.

நான்கு வாயில் வைத்துவிட்டால் மட்டும் வாயில் திறந்திருக்குமா? ஹர்மந்திரின் வரலாறே இல்லை என்கிறது. காலப்போக்கில் குருத்துவாராக்கள் மகந்துகள் என்னும் பரம்பரைப் பொறுப்பாளர் கைக்குச் சென்றன. ஒடுக்கப்பட்ட குலத்திலிருந்து சீக்கிய நெறிக்கு வந்தோர் 1920 அக்டோபர் 12 அன்று ஹர்மந்திருக்குக் கொண்டுவந்த கடா பிரசாதத்தை, கோதுமைமாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த அந்த எளிய இனிப்பை, அங்கிருந்த பூசகர்கள் ஏற்க மறுத்தனர். வழக்கு முற்றியது. இறுதியில் நூலையே திறந்து பார்ப்பது என்று முடிவாயிற்று, திறந்த பக்கத்தில் வந்த பாடல் வந்தவர்க்கு ஆதரவாக அமைந்தது, பிரசாதம் ஏற்கப்பட்டது. அடுத்த மாதமே குருத்துவாராக்களை நிருவகிக்கும் சிரோமணிக் குழு உருவாயிற்று. பல உயிர்களைப் பலிகொண்ட போராட்டத்திற்குப்பின் 1925இல் சட்டம் வந்தது. குழுவைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமையில் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. கட்டடம் சொன்னதை மனிதர் செய்ய முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

இந்த அலை தெற்கேயும் வந்தது. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தபோது பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து போராட்டக்காரர்களுக்கு லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடம் திறந்தனர். பெரியார் சிறைசென்ற அதே போராட்டம். வெளியார் அளிக்கும் இலவச உணவு வேண்டாம் என்று காந்தியடிகள் கருதியதால் அச்சமையற்கூடம் மூடப்பட்டது. அதன் நியாயத்தைப் பற்றி இருவேறு கருத்து இருக்கலாம். நம் கருத்தில் அது இழப்பே. தெருவில் நடக்கவே உரிமையற்றவர்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண ஓராயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவர்களை, அவர்கள் வேற்றுச் சமயத்தார் என்பதற்காக ஒதுக்குவது, அப்போராட்டத்தின் உயிர்நாடிக்கே மாறானது. பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்தபோது நம் முன்னோரிடம் பேசியதும் இந்த வாயில், இந்தப் பந்தி பற்றித்தான்.

மலாயாவில் சீக்கியரின் வரலாறு 1873இல் தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். லாருட் சுரங்கப் பூசலை அடக்கக் கேப்டன் ஸ்பீடி வடஇந்தியாவிலிருந்து நூற்றுப்பத்துப் பேர் கொண்ட படையைத் திரட்டிவந்தார். அப்படையே வளர்ந்து 1896இல் மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் என்ற பெயர் பெற்றது. படைவீடுகளிலும் காவலர் குடியிருப்புகளிலுமே முதல் வழிபாட்டுக் கூடங்கள் எழுந்தன. பினாங்கின் வட்டா குருத்துவாராவுக்கு 1901இல் அடிக்கல் நாட்டி 1903இல் பணி நிறைந்தது. இவற்றில் அமிர்தசரஸின் சாயலைத் தேடினால் ஏமாற்றமே கிடைக்கும். குளமில்லை, பாலமில்லை, பொன்னில்லை. சில இடங்களில் பலகைச் சுவரும் தகரக் கூரையும். பல இடங்களில் மாடியில் தர்பார்க் கூடம், கீழே லங்கர். முற்றத்தில் காவித்துணி சுற்றிய நிசான் கொடிமரம். வேறு அடையாளம் வேண்டியதில்லை. ஒரு நூல், ஒரு கூடம், ஓர் அடுப்பு இருந்தால் குருத்துவாரா ஆகிவிடும். மக்கள் இடம்பெயர்ந்தால் நூலைத் தலைமேல் ஏந்திச் சென்று புதிய இடத்தில் வைத்துவிடலாம்.

நம் தோட்டத்துக் கோயில் அப்படி அன்று. அது ஒரு மரத்தடியில் நட்ட கல்லாகத் தொடங்கியது. அந்த மரம், அந்தப் புற்று, அந்த எல்லை, அந்த மாரி, அந்த முனி. நிலத்தோடு பிணைந்த தெய்வம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் ஒரு வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்ததை இவ்வவைக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. மக்கள் சிதறியபின் கோயில் தனித்து நிற்கிறது. அல்லது வேறு நிலத்துக்குப் பெயர்க்கப்படுகிறது. பெயர்க்கும்போது எதைக் கொண்டுசெல்வது, எதை விடுவது என்று முடிவுசெய்யும் பொறுப்பு இன்று இங்கு அமர்ந்திருக்கும் பல கோயில் குழுக்களின் கையில் இருக்கிறது.

அம்முடிவுகள் பெரும்பாலும் கோபுரத்தின் உயரத்தைப் பற்றியவையாகவே இருக்கக் காண்கிறோம். பழைய தோட்டக் கோயிலில் மரம் சீவியவரே பூசாரியாக நின்று, தமக்குத் தெரிந்த தமிழில் அம்மனை அழைத்தார். லயத்துக்கு லயம் சாதி பார்த்த தோட்டங்கள் இருந்தன. முதல் மரியாதைக்காகத் திருவிழாவே நின்ற ஊர்களும் இருந்தன. அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் தீமிதியன்று கொட்டகையில் பொங்கிய சோற்றை எல்லாரும் உண்டனர். புதிய இடத்தில் எழும் ஆகமக் கோயிலின் வரைபடத்தில் கருவறைக்கும் கோபுரத்துக்கும் அளவு குறித்தபின், சமையற்கட்டுக்கு மீந்த மூலையே கிடைக்கிறது. வகுப்பறைக்கு அதுவும் கிடைப்பதில்லை. குருத்துவாராவின் வரைபடத்தில் அடுப்பு மூலையில் இருப்பதில்லை. கூடத்தின் நேர்கீழோ நேர்பக்கமோ இருக்கும். அமிர்தசரஸில் நாள்தோறும் அரை இலட்சம் பேருக்குக் குறையாமல் தரையில் வரிசையாக அமர்ந்து உண்ணும் லங்கர், வழிபாட்டின் பின் வரும் விருந்தன்று. வழிபாட்டின் ஒரு பாதி.

மொழியைப் பொறுத்தும் ஒரு வேறுபாடு உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளிகள் கொட்டகையாக இருந்தாலும் தமிழ் அங்கே வாழ்ந்தது. ஆகவே கோயில் எழுத்துக் கற்பிக்கவேண்டிய தேவை நமக்கு எழவில்லை. பஞ்சாபிப் பிள்ளைகளுக்கு அப்படிப் பரவலான பள்ளிகள் இல்லாமையால் குருத்துவாராவே பள்ளியாயிற்று. கிரந்தத்தை ஓதவேண்டுமானால் பைந்தீ கற்றாகவேண்டும். இன்று தோட்டங்களோடு தோட்டப் பள்ளிகளும் இடம்பெயர்கின்றன. மாணவர் எண்ணிக்கை சில பள்ளிகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தமிழ்ப்பள்ளியைக் கோயில் ஈடுசெய்யமுடியாது. அப்படிச் சொல்வது ஆபத்தும்கூட. ஆனால் பள்ளியில்லாத குடியிருப்பில் ஒரு கோயில் கூடத்தில் வாரம் ஒருமுறை தேவாரத்தைப் பண்ணோடு பாடவும், பாடுவதற்காகவே எழுத்துக் கற்கவும் ஒரு வகுப்பு நடத்துவதற்கு எந்த ஆகமமும் தடை சொல்லவில்லை.

குருத்துவாராவை நாம் பொன்னுலகமாகக் காட்டுவதாக எவரும் எண்ணவேண்டா. இந்நாட்டிலேயே மாஜா, மால்வா, தோவாபா என்ற வட்டாரப் பிரிவுகள் குருத்துவாராக் குழுக்களைப் பிளந்த வரலாறு உண்டு. பஞ்சாபின் சிற்றூர்களில் சாதிக்கொரு குருத்துவாரா இருப்பதை அவர்களுடைய அறிஞர்களே கண்டித்து எழுதுகின்றனர். நான்கு வாயில் வைத்த அதே கையால் மனிதன் தாழ்ப்பாளும் செய்வான்.

நிறைவாக, மலேசியத் தமிழ் வழக்குச் சொற்களைத் தொகுத்துவரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘வங்காளி’, ‘பாயி’ ஆகிய சொற்களைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிடாதீர்கள். அவை வரலாற்றுச் சான்றுகள். வழக்கு எப்படி வந்தது, இன்று யாரைப் புண்படுத்தும் என்ற குறிப்போடு பதியுங்கள். அதே பக்கத்தில் குருத்துவாரா, லங்கர், கிரந்தி, நிசான் ஆகிய சொற்களுக்கும் இடம் கொடுங்கள். ‘சுகாசன்’ என்ற சொல்லையும் சேர்க்கலாம். மதுரையில் ஒவ்வோர் இரவும் சொக்கநாதரின் பாதுகை பல்லக்கில் அம்மனின் பள்ளியறைக்குச் செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அமிர்தசரஸிலும் இரவில் நூலை மூடி, பூவிரித்த பல்லக்கில் வைத்து, பாலத்தின் வழியே அகால் தக்தில் உள்ள ஓய்வறைக்குக் கொண்டுசெல்கின்றனர். அதுவே சுகாசன். தோள்கொடுக்க விரும்புவோர் பாலத்தின் இருபுறமும் நெருக்கியடித்து நிற்பர். இன்னார்தாம் சுமக்கலாம் என்ற கட்டில்லாததால் தோள்கள் மாறிக்கொண்டே இருக்கும். விடியலுக்கு முன் அதே பல்லக்கு, அதே பாலத்தின் வழியே திரும்பி வரும்.